உசுப்பிவிடுகிறவள்

அம்சவேணி வீட்டுச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறது. அது ஓடி எத்தனையோ காலமாகிறது. பேட்டரி போடச் சொன்னால் அவள் புருஷன் செல்லமுத்து, "ஊருக்கே மணி அடிக்கறவ ஊட்டுல கடிகாரம் எதுக்குங்க?" என்று கேலி பேசுவான். அவன் பேசுவதில் தப்பில்லை. மிளகு பறிக்கிற காலம் வந்துவிட்டால், மலைமேல் இருக்கிற பெரக்கரை நாட்டின் அந்தச் சின்ன ஊரில் கோழிக்கு முன்னால் எழுகிறவள் அம்சவேணிதான். பனிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு, வாசல் வாசலாகப் போய் நின்று கூப்பிடுவாள்.

"ஏ பூபதி! எந்திரி சாமி. வெயிலு ஊட்டுக்குள்ள வந்து உன்னைக் கும்புட்டுக் கூப்புடோணுமா?"

பூபதி எழுந்துவிடுவான். பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்துவிடுவார். தூங்குகிறவரை எழுப்புவதற்கு அந்த மலையில் உசுப்புவது என்றுதான் பேச்சு. "நாளைக்கு என்னையும் உசுப்பி உடுங்கக்கா" என்று முந்தின சாயங்காலமே சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்லிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். அம்சவேணி மறக்க மாட்டாள்.

பள்ளிக்கூடம் போனதில்லை. ஆடு மேய்க்க ஆள் வேண்டியிருந்ததால் அவளை அனுப்பவில்லை. ஆனால் வாய் என்று ஒன்று அவளுக்குத் தாராளமாகவே கிடைத்திருந்தது. படுத்துக் கிடக்கிற எதையும் அந்த வாய் எழுப்பிவிடும். ஊருக்குப் பஸ் வராமல் இருந்தபோது ஆம்பளைகள் மனு எழுதலாமா, யாரையாவது போய்ப் பார்க்கலாமா என்று மாசக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் அம்சவேணி அவர்கள் நடுவில் போய் நின்று, "மீசையெல்லாம் கழட்டிக் குடுங்க. நாங்க ஒட்டிக்கிட்டுப் போயி ரோட்டுல உக்காந்துக்கறோம்" என்றாள். மறுநாள் ரோட்டில் ஆம்பளைகள்தான் முதலில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வந்தது. இன்றைக்கும் வருகிறது.

அவள் கைச்சரக்கு ரோசம். யாருக்கு எங்கே தொட்டால் ரோசம் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதைத் தொட்டுவிட்டு, சுற்றி நிற்கிறவர்களை ஒரு பார்வை பார்ப்பாள். அவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் சம்பந்தப்பட்ட ஆள் வேலைக்குப் போயிருப்பான். நல்லதுக்குத்தானே சொல்கிறோம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். போன தை மாசம் வரைக்கும்.

போன தையில் ஒருநாள் விடிகாலையில் சாரல் தூறிவிட்டு நின்றிருந்தது. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களெல்லாம் நனைந்து நின்றன. மத்தியானம் அடிவாரத்து வியாபாரியின் லாரி வருவதாக இருந்தது. ஏணி என்பது இங்கே ஒற்றை மூங்கில்தான். கணுவில் முளைத்த கிளையை ஒரு சாண் விட்டு நறுக்கியிருப்பார்கள், கால் கட்டை விரலை அதில் ஊன்றி ஏற வேண்டும். அன்றைக்கு முதலில் ஏற வேண்டியவன் செல்வம். அவனும் அவன் பொண்டாட்டி கோகிலாவும் அவள் வீட்டுக்கு அடுத்த வீடு. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்தவன் மூங்கிலில் காலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டான்.

"வழுக்குதுங்கக்கா. கொஞ்சம் வெயிலு வரட்டும்" என்றான்.

"உங்கிட்ட வழுக்கும்" என்றாள் அம்சவேணி. "நீ கோகிலாவோட சீலையைக் கட்டிக்கிட்டு அடுப்படிக்குப் போ கண்ணு. அவளை வரச்சொல்லு. அவ ஏறுவா."

எல்லாரும் சிரித்தார்கள். பூபதி சத்தமாகவே சிரித்தான். செல்வமும் சிரித்தமாதிரிதான் இருந்தது. அப்புறம் ஏறினான்.

பாதி மரம் போயிருப்பான்.

இடுப்பு எலும்பு முறிந்தது, தொடை முறிந்தது. தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து, வண்டி பிடித்து, அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் அவன் கத்தக் கத்தக் கீழே கொண்டுபோனார்கள். தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் அம்சவேணி. ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தான் என்று கேட்டபோது, செல்வமே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "காலு வழுக்கிருச்சுங்க." ஊரும் அதையே சொன்னது. கால் வழுக்கிவிட்டது, நேரம் சரியில்லை, ஏதோ உசிர் தப்பியதே பெரிசு. மரத்தடியில் நின்று சிரித்த யாரும் அந்தச் சிரிப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. கோகிலா அன்றைக்கு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

தெரியாததால் அவள் அம்சவேணியைக் கும்பிடாத குறையாகக் கொண்டாடினாள். ஆஸ்பத்திரிக்குத் துணை வந்தது அம்சவேணி, கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது அம்சவேணி, ஆட்டைப் பார்த்துக்கொண்டது அம்சவேணி. "நீங்க இல்லாட்டி நான் என்ன பண்ணியிருப்பேனுங்கக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை உதறவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் அம்சவேணி நின்றாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. திட்டியிருந்தால் தின்றிருப்பாள். யாராவது ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், "உன் வாயாலதான்டி" என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. ஒருத்தரும் சொல்லவில்லை. செல்லமுத்துவிடம் ஒருமுறை ஆரம்பித்தாள். "வெளையாட்டுக்குச் சொன்னது. அதையே நெனச்சுட்டு இருக்காத" என்று அவன் போர்வையை இழுத்துக்கொண்டான்.

அவள் வாய் மெல்ல மெல்ல அடங்கிப்போனது. உடம்பு சரியில்லை போல என்று ஊர் நினைத்தது.

ஐப்பசி வாக்கில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் வகுப்பு தொடங்கினார்கள். சொல்லித்தர வந்தது சங்கீதா. அதே ஊர்ப் பெண், ஆனால் நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். அம்சவேணி பழைய அம்சவேணியாக இருந்திருந்தால் வகுப்புக்கு ஊரையே திரட்டியிருப்பாள். இப்போது தானே தனியாகப் போய்க் கடைசியில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் சும்மா இருந்தால் பக்கத்து வீட்டிலிருந்து செல்வம் இருமுவது கேட்கிறது. அதற்கு இது மேல்.

மார்கழியில் ஒருநாள் சங்கீதா பலகையில் ‘தூண்டு’ என்று எழுதினாள். எழுத்துக்கூட்டி எல்லாரும் படித்தார்கள்.

"தூண்டுன்னா என்னங்க? நம்மூர்ப் பேச்சுல சொல்லுங்க பாக்கலாம்" என்றாள்.

விளக்குத் திரியைத் தூண்டுவது என்றார் ஒருவர். மீன் தூண்டில் என்றார் இன்னொருவர். வாசலூர்பட்டி ஏரியில் தூண்டில் போட்டு அவர் பிடித்த மீனைப் பற்றி ஒரு கதையும் வந்தது. சங்கீதா சிரித்துக்கொண்டே, "அதுவும் சரிதானுங்க. ஆனா ஒரு ஆளைத் தூண்டுறதுன்னா? சும்மா இருக்கறவரை ஒரு காரியம் செய்ய வைக்கறது?" என்றாள்.

"உசுப்பறது!" என்றாள் பாவாயி. வகுப்பிலேயே வயதானவள் அவள்தான், உற்சாகமும் அவளுக்குத்தான் அதிகம்.

"சபாஷ். அந்த உசுப்பறதுல ரெண்டு தினுசு இருக்குதுங்க. தூங்கறவரை உசுப்பறது ஒண்ணு. ரோசத்தைக் கிளப்பி உசுப்பேத்தி உடறது இன்னொண்ணு. தூண்டுறதுங்கற சொல்லு நல்லதுக்கும் வரும், கெட்டதுக்கும் வரும். படிக்கத் தூண்டினாங்கன்னும் சொல்லலாம், சண்டைக்குத் தூண்டினாங்கன்னும் சொல்லலாம். எங்க, ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்க."

பாவாயி கையைத் தூக்கிவிட்டாள். யோசித்துத் தூக்கினாளா என்பது வேறு.

"அம்சவேணி தூண்டுனா, செல்வம் மரத்து மேல..."

அங்கேயே நின்றுவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். முன் வரிசையில் பூபதி குனிந்து பென்சிலைத் தேடினான். பென்சில் அவன் கையிலேயே இருந்தது.

நடந்தது எதுவும் தெரியாத சங்கீதா, "ம், நல்லா வருதே. முடிங்கம்மா. இப்படிப் பாதியில விட்டா வாக்கியம் ஆகாதுங்க" என்றாள்.

யாரும் முடிக்கவில்லை. அம்சவேணி எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். இத்தனை மாசமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியவள்தான். பாதி சொன்னதற்கே அவளால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கோகிலா அவளுக்காகவே காத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்கக்கா, ஒரு ஒத்தாசை பண்ணோணும். டாக்டரு தெனமும் நடக்கச் சொல்லிட்டாருங்க. நடக்காம கெடந்தா காலு அப்படியே மரத்துப் போயிருமாம், அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாதாம். இவரு கட்டிலை விட்டு எறங்க மாட்டேங்கறாரு. நானும் கெஞ்சிப் பாத்துட்டேன், அழுது பாத்துட்டேன்."

"நான் என்ன கண்ணு பண்ணட்டும்?"

"நீங்க வந்து நாலு வார்த்தை சொல்லுங்க. ரோசம் வர்ற மாதிரி. உங்க வாய்க்குத்தானுங்க அவரு எந்திரிப்பாரு."

கோகிலா அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவளுக்கு அந்த வாய் மேல் அவ்வளவு நம்பிக்கை. அதுதான் அம்சவேணியை நிற்க விடவில்லை. "வாரேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் கோகிலாவே வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், வீட்டுக்குள் விட்டுவிட்டு, ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டாள்.

செல்வம் கட்டிலில் கிடந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் ஊதியிருந்தது. ஊன்றுகோல் புதுசு மாதிரியே சுவரில் சாய்ந்திருந்தது. அம்சவேணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரோசம் வருகிற மாதிரி நாலு வார்த்தை அவளுக்கு உடனே வாயில் வந்தது. நல்ல வார்த்தைகளாகவே வந்தன. அது அப்படி வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"தம்பி, அன்னைக்கு நான்தான் உன்னை ஏத்துனேன்" என்றாள். "வழுக்குதுன்னு நீ சொன்னே. நான் கேக்கல. அல்லாரையும் சிரிக்க வெச்சு உன்னை ஏத்துனேன். எம்மேலதான் தப்பு."

"தெரியுமுங்க" என்றான் செல்வம். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்பான் என்றோ, கத்துவான் என்றோ அவள் எதிர்பார்த்திருந்தாள். இதை எதிர்பார்க்கவில்லை.

"தெரிஞ்சுமா காலு வழுக்கிருச்சுன்னு சொன்னே? எனக்காவவா?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். "உங்களுக்காவ இல்லீங்கக்கா. பொம்பளை ஒருத்தி சீலை கட்டிக்கன்னு சொன்னா, அந்த ரோசத்துல ஏறி உழுந்தேன்னு ஆஸ்பத்திரியில சொல்லட்டுமா? கோகிலாகிட்டச் சொல்லட்டுமா? அதைக் கேட்டும் சிரிப்பாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "இப்ப நடக்கச் சொல்லத்தான வந்திருக்கீங்க. நடக்க முடியாம இல்லீங்க. நடந்தா ஒருபக்கம் சாஞ்சு, நொண்டி நொண்டித்தான் வருது. அன்னைக்குச் சிரிச்ச வாயெல்லாம் இன்னும் இந்த ஊருலதான இருக்குது."

தன் சொல் ஒரு ஆளை ஒருமுறை கீழே தள்ளியது என்றுதான் அம்சவேணி இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். அது தினமும் அவனைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது.

"நான் அவங்க முன்னாடி சொல்லட்டுமா? வழுக்குதுன்னு நீ சொன்னதுதான் சரின்னு?"

"சொல்லி என்ன ஆவப்போவுது" என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் எழுந்து வந்துவிட்டாள். வெளியே நின்ற கோகிலா ஆசையாக முகத்தைப் பார்த்தாள். அம்சவேணி தலையைக் குனிந்துகொண்டு அவளைத் தாண்டி நடந்தாள்.

பொங்கல் கழிந்து மிளகு பறிப்பு தொடங்கியது. முதல்நாள் யாரையும் அம்சவேணி உசுப்பவில்லை. அவரவர் போனில் அலாரம் வைத்துக்கொண்டு, முன்னே பின்னே வந்து சேர்ந்தார்கள். அவளும் போனாள். பனி இறங்கி மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த முறை முதலில் ஏற வேண்டியவன் பூபதி. மூங்கிலில் காலை வைத்தான். வைத்த கால் லேசாக நழுவியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை திரும்பி அம்சவேணியின் வாயைப் பார்த்தான்.

அந்தப் பார்வை அவளுக்குப் புரிந்தது. செல்வம் விழுந்ததிலிருந்து இந்த ஊர் கற்றுக்கொண்டது, ஈர மூங்கிலில் ஏறக் கூடாது என்பதை அல்ல. வழுக்குது என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதைத்தான். அத்தனை பேருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்.

"எறங்கு பூபதி" என்றாள். "வழுக்குது."

"பரவால்லீங்கக்கா, நான்..."

"எறங்குன்னா எறங்கு சாமி." அவள் மரத்தடிக்கே வந்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். "அல்லாரும் கேட்டுக்கங்க. போன வருஷம் இதே மாதிரி ஈரத்துல செல்வம் வழுக்குதுன்னு சொன்னான். அவன் சொன்னது சரி. நான் அவனைச் சீலை கட்டிக்கச் சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. அவன் ஏறுனான், உழுந்தான். காலு தானா வழுக்கல. நான் உசுப்பேத்துனேன், அவன் உழுந்தான். பாவாயிக்கா அன்னைக்குப் பாதியில உட்டீங்களே, மீதி இதுதான்."

பூபதி சாக்கை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு அதன் மேல் உட்கார்ந்தான். "நான்தான் பெருசாச் சிரிச்சேன்" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னான். வெயில் வருகிற வரைக்கும் எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். லாரிக்காரர் போன் பண்ணினார். ஈரமாக இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர் சரி என்றார். போன வருஷமும் கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார் என்று அம்சவேணிக்குத் தோன்றியது.

சேதி அவளுக்கு முன்னால் செல்வம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் கஞ்சியோடு போனபோது கோகிலா வாசலில் நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. தூக்குப் போசியை வாங்கவில்லை. அம்சவேணியின் மற்ற பாத்திரங்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்து ஒரு மூலையில் அடுக்கி வைத்திருந்தாள். அவற்றைக் கையில் கொடுத்தாள்.

"நீங்க எல்லாத்துக்கும் எங்கூட நின்னீங்களேக்கா" என்றாள். "உங்ககிட்டயே வந்து, ரோசம் வர்ற மாதிரி சொல்லுங்கன்னு கேட்டேனே." கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு வருஷமாகக் காத்திருந்தது கடைசியில் கிடைத்துவிட்டது. பாத்திரங்களை அணைத்துக்கொண்டு அம்சவேணி தன் வீட்டுக்கு நடந்தாள். பாரம் குறையும் என்று நினைத்திருந்தாள். குறையவில்லை. ஆனால் இனி மறைக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில் அவள் வாசலில் பாய் விரித்து மிளகுச் சரத்தை உதிர்த்துக்கொண்டிருந்தாள். தரையில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். ஊன்றுகோலை ஊன்றி, ஒருபக்கம் சாய்ந்து சாய்ந்து செல்வம் வந்துகொண்டிருந்தான். நாலு எட்டுக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினான். தெருவில் இருந்தவர்கள் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் சபாஷ் என்றும் சொல்லவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. அவள் எழுந்து தாங்கப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

பாய் ஓரத்தில் வந்து நின்று, வியர்வையைத் துடைத்துக்கொண்டான். அவளை நேராகப் பார்க்கவில்லை.

"மேல ஏற முடியாது. கீழ உழுவற சரத்தைப் பொறுக்கலாமுல்லீங்க" என்றான். "நாளைக்கு என்னையும் உசுப்பி உடுங்க."

அவ்வளவு சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டான். அவன் வீடு போய்ச் சேரும் வரைக்கும் அவள் உட்காரவில்லை.

மறுநாள் கோழி கூவுவதற்கு முன்னால் அம்சவேணி தலையில் துண்டைக் கட்டினாள். வழக்கமாகக் கடைசியில் கூப்பிடுகிற அடுத்த வீட்டுக்கு இன்றைக்கு முதலில் போனாள். கதவு சாத்தியிருந்தது. டார்ச்சை அணைத்தாள். கூப்பிட வாயைத் திறந்தாள்; ஊரையே கிளப்புகிற அந்த வாயிலிருந்து சத்தம் வரவில்லை. எந்த வார்த்தை சொல்லிக் கூப்பிடுவது? அவன் பெயரைச் சொல்லக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது. பனி தலைத்துண்டை நனைத்தது. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டாள்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"முழிச்சுட்டுத்தான் கெடக்கறேனுங்கக்கா" என்றது செல்வத்தின் குரல். "நீங்க கூப்புடுங்க."